கப்பல் ஏறுமுன் கேட்க வேண்டியவை

(நூற்றாண்டு ஒன்றுகூடலின் இரண்டாம் நாள், கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்துவடிவம்)



மேடையில் நிற்பது ஒருவர் என்றாலும் பேசுவது மூவர். ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்த நாங்கள் இன்று ரொறன்ரோ, இலண்டன், மட்டுவில் என்று மூன்று இடங்களில் இருக்கிறோம். சென்ற ஆண்டு சூம் வழியாக நடந்த கூட்டத்தில், "நூற்றாண்டு விழா முடிந்த பிறகு எல்லோருமாக ஒரு உல்லாசக் கப்பலில் நாலைந்து நாள் போய் வந்தால் என்ன?" என்று ஒரு தங்கை கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். விசாரித்துச் சொல்லும் பொறுப்பு மட்டும் எங்கள் தலையில் விழுந்தது. அன்று வகுப்பில் அதிகம் கதைத்ததற்கான தண்டனை இப்போதுதான் கிடைத்தது என்று எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். நாங்கள் விசாரித்து அறிந்ததையும், எங்களில் இருவர் முன்னர் கப்பலில் போகப் புறப்பட்டுப் பட்ட பாட்டையும் இன்று சொல்கிறோம்.

கப்பல் எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் பாட்டிமார் தலைமன்னாரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கிச் சிதம்பர தரிசனத்துக்குப் போனவர்கள். 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் அந்தக் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. எண்பதுகளில் போர் அதையும் நிறுத்தியது. எங்கள் தலைமுறை கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தது. பின்னர் தரைப்பாதை மூடியிருந்த காலங்களில் காங்கேசன்துறையில் இருந்து திருகோணமலைக்குக் கப்பலில் போனோம். 2006 ஓகஸ்ற்றில் ஏ9 பாதை மூடப்பட்ட பின்னரும் அதுதான் பலருக்கு வழி. அனுமதிப் பத்திரம், பெயர்ப் பட்டியல், நாள்கணக்கில் காத்திருப்பு, பயணப் பையின் மேலேயே இருந்து தூங்கியது, எல்லாம் இங்கே பலருக்கு நினைவிருக்கும்.

அந்தக் கப்பல்களில் கேள்வி கேட்டவர்கள் மற்றவர்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யார் வீட்டில் நிற்பாய் என்று கேட்டார்கள். நாங்கள் பதில் மட்டும் சொன்னோம். அந்தப் பழக்கம் எங்களில் பலரை இன்னும் விடவில்லை. ஆயிரக்கணக்கில் காசு கட்டும் இடத்திலும், அச்சடித்த தாளை நீட்டினால் வாசிக்காமல் கையொப்பம் வைக்கிறோம். உல்லாசக் கப்பலில் கேள்வி கேட்கும் முறை எங்களுடையது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலாவது கேள்வி: எங்களில் எல்லோரும் இந்தக் கப்பலில் ஏறலாமா?

விலையைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நாங்களும் ஒருமுறை அப்படித்தான் தொடங்கினோம். சில வருடங்களுக்கு முன் எங்களில் இருவரும் எங்கள் வகுப்புத் தோழி ஒருவரும் அவருடைய அக்காவும் இத்தாலியில் இருந்து புறப்படும் கப்பல் ஒன்றுக்குப் பதிவு செய்தோம். அந்த அக்காவும் எமது கல்லூரியின் பழைய மாணவிதான். தாயாரைப் பார்ப்பதற்காகக் கடைசிவரை சாவகச்சேரியிலேயே நின்றவர். தாயார் காலமான பின் முதன்முதலாக வெளிநாடு வந்தார். நாங்கள் கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள். அவரிடம் இலங்கைக் கடவுச்சீட்டும், கொழும்பில் எடுத்த செங்கன் விசாவும் இருந்தன. "விசா இருக்குத்தானே, பிரச்சினை இல்லை" என்றார் முகவர்.

துறைமுகத்தில் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்த பெண் தலையை ஆட்டினார். அக்காவின் விசா ஒருமுறை மட்டும் உள்நுழைவதற்கானது. கப்பலோ இடையில் துருக்கியைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் இத்தாலிக்கு வரும். துருக்கி செங்கன் நாடு அல்ல. ஆகவே திரும்பி வருவது இரண்டாவது நுழைவாகும். துருக்கி விசாவும் அவரிடம் இல்லை. "நீங்கள் போங்கோ பிள்ளையள், நான் எங்கையாவது ஒரு அறையில நிக்கிறன். திரும்பி வரேக்க கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார் அக்கா. நாங்கள் போகவில்லை. நால்வரும் கரையில் நின்று கப்பல் போவதைப் பார்த்தோம். ஒரு சதமும் திரும்பி வரவில்லை. பத்திரக் குறைபாட்டுக்குக் காப்புறுதி பொறுப்பேற்காது என்பதை அன்றுதான் படித்தோம்.

ஆகவே குழுவாகப் போகும்போது, எந்தக் கடவுச்சீட்டுக்குக் கட்டுப்பாடு அதிகமோ அதை வைத்தே பயணப் பாதையைத் தெரிய வேண்டும். புறப்படும் துறை, இடையில் தொடும் ஒவ்வொரு துறை, போகவர விமானம் மாறும் நாடு, எல்லாவற்றுக்கும் தனித்தனியே விசாவைப் பாருங்கள். விசா ஒருமுறை நுழைவுக்கா, பலமுறை நுழைவுக்கா என்று பாருங்கள். மின்விசா என்றால் விமான நிலையத்தில் செல்லுவது அந்தத் துறைமுகத்திலும் செல்லுமா என்று கேளுங்கள். இறங்காமல் கப்பலிலேயே இருந்தாலும் சில நாடுகளுக்கு விசா வேண்டும். கடவுச்சீட்டு, பயணம் முடியும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. ரிக்கெற்றில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தகப்பன் பெயர், கணவன் பெயர் என்று இரண்டு பெயருடன் வாழும் எங்களுக்கு இது சிறிய விடயம் அல்ல.

உதாரணத்துக்குச் சிங்கப்பூரைச் சொல்லலாம். இலங்கைக் கடவுச்சீட்டுடன் குறுகிய காலத்துக்கு அங்கே போக முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்து புறப்படும் பல கப்பல்கள் மலேசியாவின் பினாங்கு, கிள்ளான் துறைமுகங்களைத் தொடுகின்றன. அங்கே விதி வேறு. விதிகள் அடிக்கடி மாறுவதால், பதிவு செய்யும் வாரத்தில் அந்தந்த நாட்டின் குடிவரவுத் திணைக்களத்திடமோ தூதரகத்திடமோ நேரே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இரண்டாவது கேள்வி: இந்த விலையில் என்ன அடக்கம், என்ன அடக்கம் இல்லை?

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் விலை, ஒரு அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் விலை. அதுவும் பெரும்பாலும் யன்னல் இல்லாத உள் அறைக்கு. யன்னல் உள்ளது, பல்கணி உள்ளது என்று விலை ஏறிக்கொண்டு போகும். பகல் முழுவதும் மேல்தட்டில் இருந்து கதைக்கப் போகும் எங்களைப் போன்ற கூட்டத்துக்கு உள் அறையே போதும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் மூடிய அறையில் மூச்சுமுட்டும் என்பவர்கள் சொல்லிவிடுங்கள். பங்கர் ஞாபகம் வரும் என்று ஒரு அக்கா எங்களிடம் சொன்னார். அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

பொதுவான சாப்பாடு, அறை, சுத்தம் செய்தல், மாலை நிகழ்ச்சிகள் ஆகியவை விலையில் அடங்கும். துறைமுக வரி அடங்கியதா என்று கேளுங்கள். பணியாளர்களுக்கான அன்பளிப்பு ரிப்ஸ் பெரும்பாலும் கட்டாயம் போலவே கணக்கில் சேரும். அமெரிக்கப் பெருநிறுவனங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15 முதல் 20 டொலர். குளிர்பானம், இணைய வசதி, கரையில் சுற்றிப் பார்க்கும் பயணம், வைத்தியர், எல்லாம் தனிக் கணக்கு. கைத்தொலைபேசியைக் கடலில் விமான நிலைக்கு மாற்றி வையுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் பேரப்பிள்ளையுடன் பத்து நிமிடம் கதைத்தால் பில் வந்த பின் அழ வேண்டி வரும்.

இனித்தான் முக்கியமான கணக்கு வருகிறது. தனியாகப் போகிறவர் ஒரு அறையை எடுத்தால், பல கப்பல்களில் இருவருக்கான கட்டணத்தையோ அதற்குக் கிட்டிய தொகையையோ அவர் ஒருவரே கட்ட வேண்டும். எங்கள் சங்கத்தில் கணவரை இழந்தவர்களும், திருமணம் செய்யாதவர்களும், கணவர் வர விரும்பாதவர்களும் நிறையப் பேர். அவர்கள் வெறுமையாகக் கிடக்கப்போகும் இரண்டாவது கட்டிலுக்கும் காசு கட்டுவார்கள். இதை மனதில் வைத்திருங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறோம்.

மூன்றாவது கேள்வி: உடம்புக்கு முடியாமல் போனால்?

எங்கள் வயதில் பயணப் பையில் பாதி மருந்துதான். கப்பலில் வைத்தியர் இருப்பார், ஆனால் அது ஆஸ்பத்திரி அல்ல. பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு. பெரிய வருத்தம் என்றால் அடுத்த துறையில் இறக்குவார்கள், அல்லது ஹெலியில் கொண்டுபோவார்கள். அந்தச் செலவு ஒரு வீட்டின் விலைக்கு வரலாம். ஒன்ராறியோவின் ஓஹிப், பிரித்தானியாவின் என்எச்எஸ் ஆகியவை இதைத் தாங்கும் என்று நம்பி ஏறாதீர்கள். மருத்துவ இடமாற்றத்தையும், சொந்த நாட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவதையும் உள்ளடக்கிய, கப்பல் பயணத்துக்குச் செல்லும் காப்புறுதி வேண்டும்.

காப்புறுதிப் படிவத்தில் சலரோகம், பிறஷர், இருதய வருத்தம், பழைய சத்திரசிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம். "சொல்லாமல் விட்டால் கட்டணம் குறையும்" என்று யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் முழுக் கோரிக்கையும் தள்ளுபடியாகும். கனடாவில் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல காப்புறுதிகளில், பயணத்துக்கு முன் குறிப்பிட்ட காலம், 90 நாள் அல்லது 180 நாள் என்று, உங்கள் நோய் மாற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இடையில் வைத்தியர் பிறஷர் மருந்தின் அளவை மாற்றினாலே அது மாற்றமாகக் கொள்ளப்படலாம். அப்படி மாற்றினால் காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே அறிவியுங்கள்.

முழங்கால் நோ உள்ளவர்கள், ஒவ்வொரு துறையிலும் கப்பல் இறங்குதுறையில் கட்டப்படுமா, அல்லது கடலில் நின்று சிறு படகில் கரைக்குக் கொண்டுபோவார்களா என்று கேளுங்கள். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு ஏறி இறங்கச் சிரமப்படுகிறவருக்கு அங்கேயும் சிரமம்தான். சக்கர நாற்காலி போகும் அறைகள் குறைவு, முதலில் முடிந்துவிடும். தலைச்சுற்று, வாந்தி உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கே குறைவு. மருந்தைக் கைப்பையில், வைத்தியரின் துண்டுடன் வையுங்கள். பெரிய பெட்டி அறைக்கு வர இரவாகலாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். மரக்கறிச் சாப்பாடு வேண்டும் என்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் அறிவியுங்கள். முட்டையும் மீன் சோஸும் மரக்கறியில் சேராது என்று விளக்கியும் எழுதுங்கள். கந்தசஷ்டி, கௌரி காப்பு, நவராத்திரி நாட்களைத் தவிர்த்துத் திகதி தெரிய வேண்டும். மின்கேத்தில், றைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி கொண்டுவர விடமாட்டார்கள். தீ அபாயம் காரணம். வீட்டில் செய்த சாப்பாட்டையும் பல கப்பல்கள் ஏற்பதில்லை. "பருத்தித்துறை வடையுமா?" என்று ஒருவர் கேட்டார். கடையில் பொதி செய்து முத்திரையிட்டது என்றால் கேட்டுப் பார்க்கலாம். கரையில் இறங்கும்போது மாத்திரம் எடுத்துப்போக வேண்டாம்.

நான்காவது கேள்வி: கடல் இடம் தராவிட்டால்?

இதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2023 யூனில் சென்னையில் இருந்து கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வந்தது. காங்கேசன்துறையில் அப்படி ஒரு கப்பலைப் பார்க்கப் பலர் போனார்கள். அதே ஆண்டு ஒக்ரோபர் 14இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் சேவை தொடங்கியது. ஏறத்தாழ 60 கடல் மைல், நாலு மணித்தியாலம் அளவில் போகும் தூரம். ஆனால் பருவமழைக் காலம் வந்ததும் சில நாட்களிலேயே நின்றது. பின்னர் 2024 ஓகஸ்ற்றில் "சிவகங்கை" என்ற கப்பலுடன் திரும்பத் தொடங்கியது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கக் கடலில் பயணத்தை நிச்சயம் என்று எண்ணித் திட்டமிடக் கூடாது.

பெரிய கப்பலும் துறையை மாற்றும், தவிர்க்கும். 2023 இறுதியில் இருந்து செங்கடல் வழியைப் பல கப்பல்கள் விட்டுப் போனதைச் செய்திகளில் பார்த்தோம். அப்படி மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கும். மாறினால் எவ்வளவு திரும்பி வரும் என்று கேளுங்கள். 2020 பெப்ரவரியில் ஜப்பானின் யொகொஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,700 பேருக்கு மேல் அடைபட்டார்கள். 700க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது. ஆகவே திரும்பி வரும் நாள் பிந்தினால் வீட்டில் யார் எதைப் பார்ப்பார்கள் என்பதையும் யோசியுங்கள். மருந்து ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

ஆனால் கப்பல் எங்களுக்காகக் காத்திராது. புறப்படும் துறைக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். கரையில் நாங்களாக வாடகைக்கார் பிடித்துப் போய்ப் பிந்தினால், கப்பல் போய்விடும். அடுத்த துறைக்கு எங்கள் செலவில்தான் போக வேண்டும்.

பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைத்தால் அலட்சியம் செய்யாதீர்கள். 2012 சனவரி 13இல் இத்தாலிக் கரையில் கொஸ்ரா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். புதிதாக ஏறிய பலருக்கு அப்போது பயிற்சி நடக்கவில்லை. அதன் பின்னர்தான் கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி நடக்க வேண்டும் என்று சர்வதேச விதி இறுக்கப்பட்டது. உங்கள் கூடும் இடம் எது, உயிர்காப்பு அங்கி எங்கே என்று முதல் மணித்தியாலத்திலேயே பாருங்கள். சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் பரவும் நோரோ வைரசுக்குக் கைச் சுத்திகரிப்புத் திரவம் மாத்திரம் போதாது.

ஐந்தாவது கேள்வி: காசை யாரிடம் கட்டுகிறோம்?

சொந்தக்காரர், ஊரார், கோயிலில் கண்டவர் என்ற நம்பிக்கையில் காசைக் கையில் கொடுக்க வேண்டாம். பிரித்தானியாவில் அப்ரா உறுப்பினரா, விமானமும் சேர்ந்தால் அற்றோல் பாதுகாப்பு உண்டா என்று பாருங்கள். ஒன்ராறியோவில் ரிக்கோவில் பதிந்த முகவரா என்று பாருங்கள். இலங்கையில் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்தவரா என்று பாருங்கள். இயன்றவரை கடனட்டையில் கட்டுங்கள். முற்பணம் திரும்புமா, முழுப் பணம் கட்டும் கடைசி நாள் எது, அதற்குப் பிறகு விலகினால் எத்தனை வீதம் இழப்போம் என்ற மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். பல நிறுவனங்களில் முழுப்பணம் புறப்படுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு முன் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு இழப்பு வாரத்துக்கு வாரம் கூடும்.

இனி நாங்கள் மூவரும் சேர்ந்து முன்வைக்கும் யோசனை.

வெளிநாட்டில் உள்ளவர்கள் மட்டும் போவது என்றால் இது இலகுவான வேலை. நாளைக்கே பதிவு செய்யலாம். ஆனால் அதற்குக் கல்லூரியின் பெயரை வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. 1995 இடம்பெயர்வில் வந்தவர்களுக்குத் தென்மராட்சியில் வீட்டைத் திறந்து விட்டவர்கள், 2000இல் தாங்களே எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்கள், திரும்பி வந்து கூரையில்லாத வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கரையில் நிற்க நாங்கள் கையசைத்துக்கொண்டு போகும் காட்சியை ஒருமுறை அந்த இத்தாலித் துறைமுகத்தில் நினைத்துப் பார்த்தோம். அது போதும்.

அந்த இரண்டாவது கட்டிலுக்கு வருவோம். தனியாக வரும் ஒருவர் எப்படியும் இருவர் கட்டணம் கட்டத்தான் போகிறார். அந்த அறைக்கு ஊரில் இருந்து ஒரு பழைய மாணவி வந்தால், கப்பல் கட்டணத்தில் கூடுவது வரியும் ரிப்ஸும் மட்டுமே. அவருடைய விமானம், விசா, காப்புறுதிக்குத்தான் காசு தேட வேண்டும். எட்டு அறைக்கு மேல் ஒன்றாகப் பதிந்தால் பல நிறுவனங்கள் குழுச் சலுகை தருகின்றன. அந்தச் சலுகையை ஆளுக்கு ஆள் பிரிக்காமல் பொதுநிதியில் போட்டால் அதில் ஒரு பகுதி சமாளிக்கலாம்.

இதைத் தர்மமாக யாரும் எண்ண வேண்டாம். ஊரில் உள்ள பலர் ஓய்வூதியம் பெறுகிறவர்கள், தங்கள் பங்கைத் தாங்களே கட்டக்கூடியவர்கள். கட்ட இயலாதவரின் பெயர் பொருளாளருக்கு மட்டுமே தெரியும். மேடையில் வாசிக்கப்படாது, மலரில் அச்சிடப்படாது. வர விருப்பமில்லை என்பவரையும் வற்புறுத்த மாட்டோம். எங்கள் மட்டுவில் தோழியே முதலில் "எனக்குக் கப்பல் காணும், போதும் போதும் என்டு பயணம் செய்திட்டன்" என்றுதான் சொன்னார். பிறகு ஒரு வாரம் கழித்து, "அந்தக் கப்பலில படுக்க இடம் இருக்குமோ?" என்று கேட்டார். இருக்கும் என்றோம். "அப்ப என்ர பெயரையும் போடுங்கோ" என்றார்.

மண்டப வாசலில் மேசையில் ஒரு படிவம் இருக்கிறது. கடவுச்சீட்டு எந்த நாடு, அறையை ஒருவருடன் பகிர விருப்பமா, உடல்நிலை, சாப்பாடு, வசதியான மாதம் என்று ஐந்து கேள்விகள்தான். வெளிநாடுகளில் இருந்து மலரை வாசிப்போர் தத்தம் கிளைச் செயலாளரிடம் படிவத்தைப் பெறலாம். படிவங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் கப்பலைத் தேடுவோம். ஊரில் இருந்து வருவோரின் கடவுச்சீட்டுக்கு எந்தத் துறை திறந்திருக்கிறதோ, அங்கிருந்துதான் புறப்படுவோம்.

இத்தாலியில் எங்களுடன் கரையில் நின்ற அக்கா முன்வரிசையில் இருக்கிறார். படிவத்தை முதலில் நிரப்பித் தந்தவர் அவர்தான். விசா என்ற இடத்தில், "பலமுறை நுழைவு" என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்.